வண்டிக்கு ஒரு தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். ரீவொர்க்கா, ஸ்கிராப்பா? ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் அவருக்கு வேலை. லைனில் வருகிற பாகங்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திருத்தி ஓட்டலாம் என்றால் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. தூக்கிப் போட வேண்டியது என்றால் சிவப்புப் பொட்டு. வீட்டிலும் அதே புத்திதான். அடிபிடித்த குக்கர், வார் அறுந்த செருப்பு, என் தம்பி செய்கிற வியாபாரம், எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு பொட்டு வைத்துவிடுவார். நான் வாங்கிய வண்டிக்கு மட்டும் மனசுக்குள் வைத்ததோடு நிற்கவில்லை. சிவப்புச் சாக்பீஸ் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முன்பக்கத் தகரத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

"மொத்தமும் ஸ்கிராப். இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் பேச்சு வராது, கைதான் வேலை செய்யும். முந்தானையை எடுத்து அந்தக் குறியை அழுத்தித் துடைத்தேன். குறி போனது. கூடவே ஒரு கை அகலத்துக்குத் துருவும் பெயர்ந்து வந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அது ஒரு பழைய கேரவன். பெங்களூரில் ஏதோ சினிமாக் கம்பெனிக்காக, நடிகைகள் மேக்கப் போட்டுக்கொள்ள, ஒரு வேனின் பின்பக்கத்தை மாற்றிக் கட்டியது. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் படப்பிடிப்புக்குப் போகிற வழியில் எஞ்சின் அடங்கிப்போய், ஜூஜூவாடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மெக்கானிக்கே காகிதங்களை எழுதி வாங்கிக்கொண்டார். நான் என் ஸ்கூட்டிக்கு பிரேக் கட்டப் போன அன்று, அது தைல மரத்தடியில் நின்றிருந்தது. உள்ளே கோழி முட்டையிட்டு வைத்திருந்தது, அதுவும் வாஷ்பேசினில்.

கோழியைத் துரத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். ஆள் உயரக் கண்ணாடி. அதைச் சுற்றி எட்டு பல்பு மாட்டுகிற இடம். ஒரு சுழல் நாற்காலி, கால் நீட்டிப் படுக்க ஒரு பெஞ்சு. எல்லாவற்றின் மேலும் புழுதி. நான் பாகலூர் சாலையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தேன். முகூர்த்த நாட்களில் சூளகிரி, பேரிகை என்று மண்டபம் மண்டபமாகப் போய்க் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வேன். அந்த மண்டபங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாற்காலியைக் கண்டதும் என் மனசு ஏன் அடித்துக்கொண்டது என்று.

எல்லா மண்டபத்திலும் மாப்பிள்ளைக்கு ஒரு அறை உண்டு. பெண்ணுக்கும் ஒன்று உண்டு என்பார்கள். அதில்தான் சீர்வரிசைத் தட்டுகள் இருக்கும், தூங்குகிற குழந்தைகள் இருக்கும், யாரோ ஒரு பெரியம்மா சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் நிற்கவைத்து ஒரு பெண்ணுக்குப் புடவை கட்டினேன். இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடித்தார்கள். அதில் ஒருத்தி, பாதியில் யாரோ தாம்பூலப் பை கேட்டதால் போர்வையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கண்மை கரைந்து இறங்கியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியெல்லாம் இருந்தும் வண்டி வாங்குகிற யோசனையே எனக்கு இல்லை. ஒரு பெண்தான் அதற்குள் என்னைத் தள்ளிவிட்டாள்.

பேரிகைப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. வார லீவில் புருவம் திருத்த என்னிடம் வருவாள். எவ்வளவு வெயிலடித்தாலும் கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவை எடுக்க மாட்டாள். ஆனி மாதம் ஒருநாள், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, தானே கதவைச் சாத்திவிட்டுத் துப்பட்டாவை எடுத்தாள். இடது காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை தீக்காயத் தழும்பு. சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியதாம்.

"அவருக்குத் தெரியும்க்கா. நான்தான் மொதல்லயே காட்டிட்டேன். அவுங்க வூட்டுல மத்தவங்களுக்குப் போகப் போக ஒண்ணொண்ணா தெரியட்டும். கல்யாணத்தன்னைக்கே எல்லாரும் கூடி நின்னு பாக்க வேணாம்" என்றாள். ஆவணியில் மத்தூரில், மாப்பிள்ளை ஊரில் கல்யாணம். மண்டபத்துக்கு முன்கூட்டியே தானே போய்ப் பார்த்திருக்கிறாள். "பொண்ணு ரூமு கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லக்கா."

அவளுக்கு வேண்டியிருந்தது அலங்காரம் அல்ல, சாத்துகிற கதவு. எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீ கவலப்படாத. கதவோட வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கதவுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். தைல மரத்தடி ஞாபகத்துக்கு வந்தது.

மெக்கானிக் அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் பேசுகிறவர். நல்ல மனிதர், விற்கிற பொருளைத் தானே குறை சொல்லுவார். "ஆகல்லக்கா. எஞ்சின் எறக்கணும். ஃப்ளோர் பூரா போயிருச்சு. இதுக்குப் போடற காசுக்கு ஓடற வண்டியே கெடைக்கும்" என்றார்.

"எனக்கு ஓடற வண்டி வேணாங்க. சாத்துற வண்டி வேணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பார்லருக்கு ஏசி போடவென்று நான் கட்டி வந்த சீட்டை எடுத்து அந்த வண்டியை வாங்கினேன். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் என் வீட்டுக்காரர் சாக்பீஸோடு வந்து அந்தக் குறியைப் போட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது பொறுமையாகவே கணக்குச் சொன்னார். திருத்துகிற செலவு புதுப்பொருள் விலையில் பாதியைத் தாண்டினால் அதைத் திருத்தக்கூடாது, இது அவர்கள் கம்பெனி விதி. "உணர்ச்சிவசப்படாம சொல்லு. இது கட்டுபடியாகுமா?"

"யாருக்கு?" என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஆடி மாதம் பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, எனக்கும் வேலை இல்லை. மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு ஷெட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். தரைத் தகரத்தைப் பெயர்த்தபோது உள்ளே நின்றபடியே மண்ணில் ஊர்கிற எறும்பைப் பார்க்க முடிந்தது. மெக்கானிக் எஞ்சினை இறக்கிச் சரிசெய்து ஏற்றினார், ரேடியேட்டரைத் திறந்தால் வெல்லப்பாகு நிறத்தில் தண்ணீர் வந்தது. ஒரு இடத்தைச் சரிசெய்யத் தொட்டால் பக்கத்து இடமும் கையோடு வரும். என் வீட்டுக்காரர் சொன்னது சரிதானோ என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. நினைத்தேனே தவிர அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவ்வளவுதான்.

தகர வேலைக்கு ஒரு டிங்கர் இருந்தார். அவரும் பேரிகைப் பக்கம்தான், தெலுங்கு பேசுகிறவர், ஐம்பது வயதிருக்கும். சுத்தியால் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே தகரம் உளுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெரிய வேலை கதவுதான். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு அது. கதவு ஓடுகிற தண்டவாளம் மேலும் கீழும் இற்றுப் போயிருந்தது. நாலு நாள் உட்கார்ந்து புதிதாக அடித்து, சட்டம் வைத்து, கதவை மாட்டினார். விரலால் தள்ளினால் ஓடியது. அன்று அவருக்கும் மெக்கானிக்குக்கும் நான் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். முன்பக்கச் சக்கரத்தைத் தூக்கி, கதவு மட்டமாக நிற்கிறதா என்று டிங்கர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கிக் கம்பியை அழுத்தியது நான். உதவிக்கு வேறு ஆளில்லாத வேளை, நானே வலியப் போய்ச் செய்தேன். மெக்கானிக் பேட்டரியைச் சோதிக்க வேண்டும் என்று டிரைவர் சீட்டில் காத்திருந்தார். வண்டி வேண்டிய உயரத்துக்கு வந்ததும் டிங்கர் என்னைப் பார்த்து, "சாலு, சாலு" என்றார். தெலுங்கில் சாலு என்றால் போதும். ஒரு மாதம் அங்கே உட்கார்ந்ததில் அந்த அளவுக்கு எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது. நிறுத்தினேன். மெக்கானிக் தலையை வெளியே நீட்டி, என்னவாம் என்று கையால் கேட்டார். நான் பெருமையாகக் கத்தினேன்: "சாலுங்கறாரு!"

கன்னடத்துக்காரர்கள் வண்டியை சாலு பண்ணு என்றால் ஸ்டார்ட் பண்ணு என்று அர்த்தம். மெக்கானிக் சாவியைத் திருப்பினார். கியரில் கிடந்த வண்டி ஒரே துள்ளலில் ஜாக்கியிலிருந்து குதித்து, தைல மரத்தில் பக்கவாட்டாகப் போய் உரசி நின்றது. டிங்கர் எகிறி விலகியதால் முழங்கை சிராய்ப்போடு தப்பினார். புதுக் கதவு, புதுத் தண்டவாளம், புதுச் சட்டம் எல்லாம் சேர்ந்து பொரித்த அப்பளமாக மடங்கிக் கிடந்தது.

"நீங்கதானக்கா சாலுன்னீங்க!" என்றார் மெக்கானிக்.

"நான் போதும்னுதானம்மா சொன்னேன்!" என்றார் டிங்கர்.

அவர்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு வருடமாக ஒரே ஷெட்டில் வேலை செய்கிறவர்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தை அவர்களுக்குள் போய் வரும். டிங்கர் மெக்கானிக்கிடம் சொன்னால் 'போதும்' என்று அர்த்தம், மெக்கானிக் டிங்கரிடம் சொன்னால் 'கிளப்பு' என்று அர்த்தம். ஒருமுறைகூட மாறியதில்லை, ஏனென்றால் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்கிறவருக்குத் தெரியும். நடுவில் புகுந்து ஒருவர் வார்த்தையை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்தது, மணப்பாறையிலிருந்து பிழைக்க வந்த நான்தான். வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். டிங்கர் கொஞ்சம் அசந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. டிங்கரே வந்து, "வத்தம்மா, வேணாம், அழாத. எனக்கு ஒண்ணும் ஆகல" என்று தண்ணீர் கொடுத்தார்.

ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். அப்பவே சொன்னேனே என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கதவைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், மெக்கானிக்கிடம் நடந்ததை விசாரித்தார். சாக்பீஸ் எடுக்கிறாரா என்று நான் அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு பொருள்லயா, ஆள்லயா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆள்லதான். என் மேலதான்."

"ஆளு செஞ்ச தப்புக்குப் பொருள ஸ்கிராப் பண்ண மாட்டோம்" என்றார். கம்பெனி விதியாம். அந்த விதியை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆகி ஒன்பது வருடத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. அதையும் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்பது நாளில் அந்தத் தள்ளுகதவு ஆகாது என்று டிங்கர் கையை விரித்தார். வண்டியைத் தட்டி நேராக்கவே ஐந்து நாள் போய்விடும். வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் முடியாது என்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்றார் மெக்கானிக். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தள்ளுகதவு எதுக்குங்க? எங்க வீட்டு பாத்ரூமுக்கு இருக்கே, தகரக் கதவு, கீல் வச்சு. அது மாதிரி ஒண்ணு அடிச்சு மாட்டுங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். அது ஒண்ணுதான் முக்கியம்."

மெக்கானிக், "மனெகா, காடிகா?" என்று சிரித்தார். வீட்டுக்கா, வண்டிக்கா என்று அவர் பாஷையில் கேலி. சிரிக்கட்டும். மறுநாள் காலை ஓசூர் பஜாருக்குப் போய், எட்டு அங்குலத்தில் இருப்பதிலேயே கனமான இரும்புத் தாழ்ப்பாள் கேட்டேன். எந்த ரூமுக்கு என்று கடைக்காரர் கேட்டார். சக்கரம் வைத்த ரூமுக்கு என்றேன்.

தாழ்ப்பாளை மாட்டியது என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினோடு வந்து, ஸ்கேலை வைத்து அளந்து அளந்து துளை போட்டார். கதவு கோணல், சட்டம் அதைவிடக் கோணல். மூன்று முறை துளை மாறிப்போய், நாலாவது முறை தாழ்ப்பாள் டக்கென்று போய் உட்கார்ந்தது. பத்து தடவையாவது போட்டுப் போட்டு எடுத்திருப்பார். நல்லாயிருக்கு என்று மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள், வரவேற்பு அன்று, காலையிலேயே கிளம்பினோம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டியவர், அதனால் அவர்தான் ஓட்டினார். மேம்பால வேலைக்காக வழியில் அங்கங்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டேன். குருபரப்பள்ளியில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, ஒரு பஞ்சர் கடையில் தண்ணீர் கேட்டோம். கடைக்காரர் ஒரு குடம் கொடுத்துவிட்டு வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு சார் ரோட்டுக்குக் கொண்டாறீங்க? எடைக்குப் போடற வண்டி."

"ரீவொர்க் முடிஞ்ச வண்டிங்க. பாஸ் ஆனது" என்றார் என் வீட்டுக்காரர், வெடுக்கென்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு தாங்கவில்லை.

மத்தூரில் மண்டபத்துக்குப் பின்னால், சமையல்கட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே வயர் இழுத்துப் பல்புகளைப் போட்டோம். எட்டில் ஆறு எரிந்தது. மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் அவர்கள் ஜனமும் மாப்பிள்ளை வீட்டு ஜனமுமாக ஒரு கூட்டம். அவள் படியேறி உள்ளே வந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை. திரும்பிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டாள். ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் துப்பட்டாவை எடுத்தாள்.

ஒன்றரை மணி நேரம் வேலை செய்தேன். வெளியே பேச்சு, மேளம், குழந்தைகள் தகரத்தில் தட்டுகிற சத்தம். உள்ளே ஒருத்தரும் வரவில்லை. தழும்பின் மேல் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, ஹாரத்தை அதற்கேற்ப இறக்கிக் கட்டினேன். எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அக்கா, அஞ்சு நிமிசம் நான் மட்டும் இருக்கட்டா?"

நான் வெளியே வந்து படியில் நின்றுகொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நல்ல வாட்டசாட்டம், கையில் ஆரத்தித் தட்டு.

"என்னாம்மா இது, பொண்ண பொட்டியில போட்டுப் பூட்டின மாதிரி? மூணு மணியிலேருந்து பாக்கறேன். நாங்க பாக்கக்கூடாதா?"

"பாக்கலாங்க. அவங்க தொறந்ததும் பாக்கலாம்."

"எப்பத் தொறப்பா?"

"அவங்களுக்குத் தோணும்போதுங்க" என்றேன். அவர் முறைத்தார். நானும் படியை விட்டு நகரவில்லை. அவர் மட்டும் அந்தக் கதவில் கை வைத்திருந்தால் மாப்பிள்ளையின் அத்தை என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஐந்து நிமிடம் பத்தானது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாலு அக்கா."

போதும் என்கிறாள். நான் ஒரு நொடி குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன், அந்த வார்த்தையால் பட்டவள் நான். தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது, அவள் யார் கையையும் பிடிக்காமல் தானே படியிறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தாள். மேளம் உரக்க எழுந்தது. ஒரே வார்த்தைக்கு இரண்டு பாஷையிலும் உள்ள இரண்டு அர்த்தமும் அன்று சரியாகத்தான் இருந்தது.

கூட்டம் அவளோடு முன்பக்கம் போய்விட்டது. வயரைச் சுருட்டலாம் என்று குனிந்தபோது, அதே அத்தை திரும்பி வந்து நின்றார். ஆரத்தித் தட்டைக் காணோம். குரலும் இறங்கியிருந்தது.

"காலையில நாலு மணிக்கு எழுந்ததும்மா. இன்னும் ஒக்காரல. உள்ள ஒரு அஞ்சு நிமிசம் ஒக்காந்துட்டுப் போவட்டா?"

ஏறிப் போனார். கதவைச் சாத்தினார். டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது. எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்களோ, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து படியருகே நின்றாள். அவளுக்குப் பின்னால், சமையல்கட்டில் காய் நறுக்கிய அம்மா ஒருவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றார். அவரவர் முறைக்குக் காத்திருந்தார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் மூடின கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள அவங்க என்னதான் பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதுக்குத்தான் கதவு."

அவர் மண்டபத்துக்குள் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்குப் பக்கத்தில் போட்டார். காத்திருந்தவர்களை உட்காரச் சொன்னார்.